பயோட்டின் மாத்திரையும் முடி வளர்ச்சியும்

பயோட்டின் நீரில் கரையும் பி வகை வைட்டமின்களுள் ஒன்று. பி7 என்று எண்ணிடப்படுவது. முடி வளரவும் அடரவும் நகம் உறுதிப்படவும் என்று விற்கப்படும் மாத்திரைகள், கேப்ஸ்யூல்கள், மெல்லும் மிட்டாய்கள் ஆகியவற்றில் பெரும்பாலும் முதன்மைச் சரக்கு இதுதான். உடலில் பயோட்டின் குறைந்தால் முடி உதிரும். குறைந்தவருக்குக் கொடுத்தால் முடி மீண்டும் முளைக்கும். இவை இரண்டும் ஐயமின்றி நிறுவப்பட்டவை. குறைபாடு இல்லாதவர் மேலும் மேலும் சாப்பிட்டால் முடி கூடுதலாக வளரும் என்பது நிறுவப்படவில்லை. நிறுவப்படாத இந்தக் கூற்றுக்கு முதலில் சொன்ன உண்மையின் மதிப்பை இரவல் வாங்கித்தான் பயோட்டின் வணிகம் பெருகியிருக்கிறது.

கண்டறிந்த வரலாறு

பயோட்டினுக்கும் முடிக்கும் உள்ள தொடர்பு எலிகளிடமிருந்து தெரிய வந்தது. 1927இல் லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய மார்கரெட் போஸ், புரதத்துக்காகப் பச்சை முட்டையின் வெள்ளைக்கருவை மட்டுமே பெற்ற எலிகளுக்குத் தோல் அழற்சியும் முடி உதிர்வும் நரம்புத் தளர்ச்சியும் வருவதை விவரித்தார். ஈரலைச் சேர்த்துக் கொடுத்தபோது அவை தேறின. ஈரலில் ஏதோ ஒரு காப்புப் பொருள் இருக்கிறது என்பது மட்டும் அப்போது புரிந்தது.

அந்தப் பொருளைத் தூய வடிவில் முதலில் பிரித்தவர்கள் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஆய்வு செய்த ஃபிரிட்ஸ் கோகலும் பென்னோ டோனிஸும். ஆண்டு 1936. உலர்த்திய வாத்து முட்டை மஞ்சள் கரு 250 கிலோவிலிருந்து அவர்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 1 மில்லிகிராம். இன்று கடையில் கிடைக்கும் ஒரே மாத்திரையில் 5 அல்லது 10 மில்லிகிராம் இருக்கிறது. இயற்கை எவ்வளவு நுண்ணிய அளவில் இதைக் கையாள்கிறது, நாம் எவ்வளவு அள்ளிப் போடுகிறோம் என்பதை இந்த இரண்டு எண்களே காட்டிவிடும்.

ஈரலின் காப்புப் பொருளைத் தனியே தேடிக்கொண்டிருந்த பால் கியோர்கி அதற்கு வைட்டமின் எச் என்று பெயரிட்டிருந்தார். கோகல் பிரித்ததும் தாம் தேடியதும் ஒன்றே என்பது 1940இல் அவருக்கு உறுதியானது. 1942இல் நியூயார்க்கில் வின்சென்ட் டு விக்னோ குழுவினர் அதன் மூலக்கூறு அமைப்பைத் தெளிவாக்கினர். மறு ஆண்டே மெர்க் நிறுவன வேதியியலாளர்கள் அதைச் செயற்கையாகத் தயாரித்துவிட்டனர்.

வெள்ளைக்கரு ஏன் தீங்கு செய்தது என்பதற்கும் விடை கிடைத்தது. அதிலுள்ள அவிடின் என்ற புரதம் பயோட்டினை மிக இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். குடலில் அந்தப் பிடி தளர்வதில்லை. வைட்டமின் மலத்தோடு வெளியேறிவிடும். முட்டையை வேகவைத்தால் அவிடின் சிதைந்து பிடிமானத்தை இழக்கிறது. பூப்பெய்திய பெண்ணுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது தமிழ்நாட்டில் பல வீடுகளில் இருந்துவரும் வழக்கம். சில நாள் அப்படிச் சாப்பிடுவதால் பயோட்டின் குறைபாடு வந்துவிடாது. மாதக்கணக்கில் நிறையச் சாப்பிட்டால்தான் வரும். ஆயினும் பச்சை முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால் வேகவைத்த முட்டையே எப்போதும் நல்லது.

உடலில் இதன் வேலை

கார்பாக்சிலேஸ் என்னும் ஐந்து நொதிகள் பயோட்டின் இல்லாமல் இயங்கா. கொழுப்பு அமிலங்களை உருவாக்குவதும், பட்டினிக் காலத்தில் குளுக்கோஸைப் புதிதாகச் செய்துகொள்வதும், சில அமினோ அமிலங்களைச் சிதைப்பதும் இவற்றின் பணி. மயிர்க்காலின் அடிக்குமிழில் உள்ள செல்கள் உடலிலேயே மிக வேகமாகப் பிரியும் செல்களைச் சேர்ந்தவை. ஆகவே இந்த வளர்சிதை மாற்றம் தடைப்பட்டால் முடியும் தோலும் சீக்கிரமே அதைக் காட்டுகின்றன.

ஆனால் தேவைப்படும் அளவு மிகச் சிறிது. அமெரிக்க ஊட்டச்சத்துப் பரிந்துரைப்படி வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 30 மைக்ரோகிராம், பாலூட்டும் தாய்க்கு 35 மைக்ரோகிராம். வேகவைத்த ஒரு முட்டையில் சுமார் 10 மைக்ரோகிராம் இருக்கிறது. ஈரல், மீன், நிலக்கடலை, பாதாம், சர்க்கரைவள்ளிக்கிழங்கு முதலியவற்றிலும் உண்டு. பயன்படுத்திய பயோட்டினை பயோட்டினிடேஸ் என்ற நொதி விடுவித்துத் திரும்பவும் பயன்பாட்டுக்குக் கொண்டுவருகிறது. இத்தனை சிக்கனமாக உடல் அதைக் காத்துக்கொள்வதால், சாதாரணமாக உண்பவருக்குக் கடுமையான குறைபாடு அரிது.

அது வருவது சில குறிப்பிட்ட சூழல்களில். பிறவியிலேயே நொதிக் கோளாறு உள்ளவர்கள், ஃபெனிடாயின், கார்பமாஸிபின் போன்ற வலிப்பு மருந்துகளை நெடுங்காலம் உட்கொள்பவர்கள், மிகுந்த குடிப்பழக்கம் உள்ளவர்கள், பயோட்டின் சேர்க்காத ஊட்டக் கரைசலை இரத்தக்குழாய் வழியாகவே நீண்ட நாள் பெறுபவர்கள் ஆகியோருக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது. அப்போதும் முடி மட்டும் தனியாக உதிர்வது வழக்கமன்று. கண், மூக்கு, வாய் இவற்றைச் சுற்றிச் சிவந்து செதில் உதிரும் தடிப்பும், சோர்வும், கைகால் மரமரப்பும் கூடவே தோன்றும்.

மாத்திரைக்கு உள்ள சான்று

முடி உதிர்வுக்குப் பயோட்டின் கொடுத்தது பற்றிய மருத்துவ வெளியீடுகளைத் தொகுத்து ஆராய்ந்த ஒரு மதிப்பாய்வு 2017இல் வந்தது. முடியும் நகமும் பயோட்டினால் மேம்பட்டதாக அதில் சேர்த்துக் காட்ட முடிந்தவை 18 நோயாளிகளின் விவரங்கள் மட்டுமே. அந்த 18 பேருக்கும் பிறவி நொதிக் கோளாறோ, முடியையும் நகத்தையும் பாதிக்கும் வேறு நோயோ இருந்தது. நலமாக இருப்பவரின் முடியைப் பயோட்டின் வளர்க்கிறது என்று காட்டும் தரமான ஒப்பீட்டு ஆய்வு ஒன்றும் அதில் அகப்படவில்லை.

இருந்தும் மாத்திரை சாப்பிட்டு முடி கொட்டுவது நின்றதாகப் பலரும் உறுதியாகச் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. முடியின் பருவச் சுழற்சியைப் புரிந்துகொண்டால் அந்த அனுபவம் எப்படி நேர்கிறது என்பது தெரியும்.

தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டு வரை வளர்பருவத்தில் இருந்து, சில வாரம் சுருங்கி, பிறகு ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்வுப் பருவத்தில் நின்று, உதிர்கிறது. எல்லா முடியும் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போவதில்லை. எனவே நாள்தோறும் 50 முதல் 100 முடி வரை கழிவது இயல்பு. டெங்கு, டைஃபாய்டு, கோவிட் போன்ற கடும் காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, பிரசவம், திடீரென எடை குறைத்தல் ஆகியவற்றுக்குப் பின் வழக்கத்தைவிட அதிகமான முடிகள் ஒருசேர ஓய்வுக்குப் போய்விடுகின்றன. அவை கொத்துக்கொத்தாக உதிரத் தொடங்குவது இரண்டு மூன்று மாதம் கழித்து. அதற்குள் காய்ச்சலை வீட்டார் மறந்திருப்பார்கள். குளியலறை வடிகாலில் சேரும் முடியைக் கண்டு அஞ்சி, உதிர்வு உச்சத்தில் இருக்கும்போது மாத்திரை வாங்குவார்கள். இந்த வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டவர் உதிர்வு நின்றதைக் காண்கிறார். சாப்பிடாமல் இருந்திருந்தாலும் நின்றிருக்கும் என்பதை அவர் காண வழியில்லை. ஒப்பீட்டுக் குழு வைத்து ஆய்வு செய்ய வேண்டியதன் தேவை இங்கேதான் இருக்கிறது. மூன்று மாதத்தில் பலன் என்ற விளம்பர வாக்குறுதியும் இயற்கையின் இந்தக் கணக்கோடு மிக வசதியாகப் பொருந்தி வருகிறது.

ஆண்களின் நெற்றி ஏற்றமும் உச்சி வழுக்கையும், பெண்களின் வகிடு அகலமாவதும் வேறு வகை. அவை மரபும் ஆண்மை இயக்குநீரும் சேர்ந்து மயிர்க்கால்களைப் படிப்படியாகச் சிறுக்கச் செய்வதால் வருபவை. வைட்டமின் எதுவும் அதைத் தடுப்பதில்லை. தலையில் தடவும் மினாக்சிடிலும், ஆண்களுக்கான ஃபினாஸ்டிரைடு மாத்திரையும் இதற்குச் சோதித்து ஏற்கப்பட்ட மருந்துகள். அமெரிக்காவில் முன்னது 1988இலும் பின்னது 1997இலும் ஒப்புதல் பெற்றன. இந்த வழுக்கையில் சிறுத்துப்போன மயிர்க்காலை மீட்பது கடினம். தொடக்கத்திலேயே சிகிச்சை பெற்றால்தான் மிஞ்சியதைக் காக்கலாம். பயோட்டினை நம்பி ஓராண்டு, ஈராண்டு கழிப்பவர் இழப்பது பணத்தை மட்டுமல்ல.

பெண்களுக்கு முடி உதிர்ந்தால் முதலில் பார்க்க வேண்டியவை இரும்புச்சத்தும் தைராய்டும். 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. ஃபெரிடின் என்ற இரும்புச் சேமிப்பின் அளவைச் சாதாரண இரத்தப் பரிசோதனையில் அறியலாம். இரும்பு குறைந்த பெண்ணுக்குப் பயோட்டின் விற்பது அவளுடைய சோர்வையும் மூச்சிரைப்பையும் கவனிக்காமல் விடுவதற்கு ஒப்பாகும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்பு மாத்திரை விலையில்லாமலே கிடைக்கிறது. புலால் உண்ணாதவர்களுக்கு பி12 குறைவதும், வெயில் படாமல் இருப்பவர்களுக்கு வைட்டமின் டி குறைவதும் பரவலானவை. இவற்றையும் அளந்து பார்த்து ஈடுசெய்வது உடல்நலத்துக்கு நல்லது.

அளவு மிஞ்சினால்

பயோட்டின் மிகுதியாகச் சேர்ந்தால் சிறுநீரில் வெளியேறிவிடும். உறுப்புகளுக்கு நேரடிக் கேடு தெரியவில்லை. ஆனால் முடிக்கான மாத்திரைகளில் பயோட்டினுடன் வேறு பலவும் சேர்ந்திருக்கும். வைட்டமின் ஏ கொழுப்பில் கரைவது, ஈரலில் தேங்குவது; அளவு மீறினால் அதுவே முடியை உதிர்க்கும். கருவுற்ற பெண் அதை மிகுதியாக உட்கொண்டால் சிசுவுக்கு ஊனம் நேரலாம். செலினியமும் அப்படித்தான். 2008இல் அமெரிக்காவில் ஒரு திரவ ஊட்டச்சத்துப் பொருளில் தயாரிப்புப் பிழையால் சிட்டையில் கண்ட அளவைப்போல் 200 மடங்கு செலினியம் கலந்துவிட்டது. பாதிக்கப்பட்ட 201 பேரைப் புலனாய்வில் கண்டறிந்தனர். அவர்களிடம் மிகுதியாகக் காணப்பட்ட துன்பங்களில் ஒன்று முடி உதிர்தல்.

பயோட்டின் உண்டாக்கும் ஆபத்து இரத்தப் பரிசோதனையில் இருக்கிறது. அவிடினை ஒத்த ஸ்ட்ரெப்டாவிடின் என்ற பாக்டீரியப் புரதம் பயோட்டினைப் பற்றும் தன்மையை ஆய்வகக் கருவிகள் பலவும் பயன்படுத்திக்கொள்கின்றன. மாத்திரை சாப்பிட்டவரின் இரத்தத்தில் மிதக்கும் பயோட்டின் அந்தக் கருவியைக் குழப்பிவிடுகிறது. தைராய்டு பரிசோதனையில் டிஎஸ்எச் உண்மையைவிடக் குறைவாகவும், டி3, டி4 அதிகமாகவும் காட்டப்படலாம். பார்க்கும் மருத்துவருக்கு அது தைராய்டு மிகைச் சுரப்பு போலவே தோன்றும். முடி உதிர்வதால் மாத்திரை தொடங்கி, முடி உதிர்வதாலேயே தைராய்டு பரிசோதனைக்கும் போகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் நேர நல்ல வாய்ப்புண்டு. இதைவிடக் கொடியது மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் அளவு பொய்யாகக் குறைந்து காட்டுவது. 2017 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. ட்ரோபோனின் முடிவு இவ்வாறு தவறிய ஒருவர் இறந்ததையும் அதில் குறிப்பிட்டது. தைராய்டு பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்திவிடும்படி அமெரிக்கத் தைராய்டு சங்கம் பரிந்துரைக்கிறது. சிறுநீரகம் பழுதுற்றவருக்கு இன்னும் கூடுதல் நாள் வேண்டும். வைட்டமின் மாத்திரையை மருந்தாக எண்ணாததால், என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்கும்போது பலர் இதைச் சொல்வதில்லை. அவசியம் சொல்ல வேண்டும்.

சட்ட நிலை

இந்தியாவில் மருந்துகளுக்கான விதிகளின் ஜே அட்டவணை, வழுக்கையைக் குணப்படுத்துவதாகவோ புது முடி வளர்ப்பதாகவோ எந்த மருந்தும் உரிமை கோரக்கூடாது என்கிறது. ஊட்டச்சத்துப் பொருள்களோ உணவாகக் கருதப்பட்டு, உணவுப் பாதுகாப்பு, தர ஆணையத்தின் ஒழுங்குமுறைகளுக்குள் வருகின்றன. மருந்தைப் போல நோயாளிகளிடம் சோதித்துப் பலனை நிறுவிய பிறகே விற்க வேண்டும் என்ற கட்டாயம் அவற்றுக்கு இல்லை.

பிறவிக் குறைபாடு

பயோட்டின் உயிர் காக்கும் மருந்தாவது பயோட்டினிடேஸ் குறைபாட்டில். உலக அளவில் சுமார் 60,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில் காணப்படும் இக்கோளாறுடைய குழந்தையின் உடல், பயோட்டினை விடுவித்து மறுபடி பயன்படுத்த முடியாமல் தவிக்கிறது. பிறந்து சில வாரங்களில் அல்லது மாதங்களில் வலிப்பு, தசைத் தளர்ச்சி, தோல் தடிப்பு, முடி உதிர்வு ஆகியவை தொடங்கும். நாள்தோறும் 5 முதல் 20 மில்லிகிராம் வரை பயோட்டினை வாழ்நாள் முழுவதும் வாய்வழியாகக் கொடுத்தால் போதும். வலிப்பு அடங்கும், முடி முளைக்கும், குழந்தை மற்றவர்களைப் போல வளரும். தாமதமானால் இழந்த கேட்கும் திறனும் பார்வையும் பெரும்பாலும் திரும்புவதில்லை. அதனால்தான் அமெரிக்காவில் பச்சிளங்குழந்தையின் குதிகாலில் எடுக்கும் சில சொட்டு இரத்தத்திலேயே இதையும் சோதித்துவிடுகிறார்கள். இந்தியாவில் எல்லாப் பிறப்புகளுக்கும் இச்சோதனை கட்டாயமில்லை. சில மருத்துவமனைகளில் பெற்றோர் கேட்டால் செய்கிறார்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்தால்தான் இந்நோய் தோன்றும். தாய்மாமனையோ அத்தை மகனையோ மணந்த பெண்ணின் குழந்தைக்கு அந்த வாய்ப்பு கூடுதல். உறவுத் திருமணம் மிகுந்த மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று என்பதால், அத்தகைய குடும்பங்கள் பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் இச்சோதனையைக் கேட்டு வைப்பது நல்லது.