இணைப்பு மாற்றியின் தோற்றம்: லித்தியம் கொள்கை பற்றி ஒரு மறுஆராய்ச்சி

வானொலிக் கட்டுப்பாட்டு மின்வண்டிகளில் மின்கலத் தொகுதிக்கும் வேகக் கட்டுப்படுத்திக்கும் நடுவே செருகப்படும் இணைப்பு மாற்றி, அதாவது இவ்விளையாட்டில் ஈடுபட்டோர் அனைவரும் அடாப்டர் என்று வழங்கும் சிறு கம்பித்துண்டு, லித்தியம் பாலிமர் மின்கலத்தின் வருகையால் பிறந்தது என்பதே நெடுநாளாக நிலைபெற்றுள்ள அபிப்பிராயம். நிக்கல் மின்கலத்துக்குத் தமியா நிறுவனத்தின் பெயரால் வழங்கும் வெள்ளை நைலான் இணைப்பான் போதுமாயிருந்தது. லித்தியம் வந்ததும் அது போதாமற்போயிற்று. எனவே டீன்ஸ் முதலிய புதிய இணைப்பான்கள் புகுந்தன. பழையதையும் புதியதையும் பொருத்த மாற்றிகள் எழுந்தன என்று இக்கொள்கை காரணத்தை அடுக்கிச் செல்கிறது. கேட்பதற்கு இது சீராக இருப்பினும் என்னால் ஏற்க இயலவில்லை.

முதலாவது, மின்னழுத்தம் மாறவே இல்லை எனலாம். 1.2 வோல்ட் வீதம் ஆறு நிக்கல் கலங்கள் தந்தது 7.2 வோல்ட், 3.7 வோல்ட் வீதம் இரண்டு லித்தியம் கலங்கள் தருவது 7.4 வோல்ட். மாறியது மின்னோட்டமே. தொடுமுனைகளில் 5 மில்லியோம் தடை இருப்பதாகக் கொண்டால், 15 ஆம்பியரில் வீணாகும் திறன் சுமார் 1.1 வாட், 40 ஆம்பியரிலோ 8 வாட். ஓட்டத்தின் வர்க்கத்தைத் தொடர்ந்து வெப்பம் ஏறுகின்றமையால், நைலான் கூடு இளகுவதற்குக் கலத்தின் ரசாயனம் மாறவேண்டுமென்ற நிர்ப்பந்தமில்லை. வலிய மோட்டார் ஒன்றே போதும். 1990-களில், நிக்கல்–காட்மியம் கோலோச்சிய காலத்திலேயே, பந்தயக்காரர்கள் டீன்ஸ் இணைப்பானுக்கு மாறத் தொடங்கியிருந்தனர்.

இரண்டாவதாக நான் முன்வைக்கும் சான்று, மாற்றியின் உருவத்திலேயே அமைந்தது. பிறர் இதனைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. தமியா–டீன்ஸ் மாற்றியில் இரு வகை உண்டு. டீன்ஸ் இணைப்பானில் இரு தகடுகள் ஆங்கில ‘T’ எழுத்தைப்போல் ஒன்றற்கொன்று செங்குத்தாக நிற்கும். கூட்டில் + என்றும் − என்றும் வார்ப்பிலேயே பொறித்திருப்பர். மின்சாரம் தரும் பக்கத்தில், தகடுகள் வெளியே தெரியாது உறைக்குள் அடங்கிய பெண்முனையே இருத்தல்வேண்டும். அன்றேல் வெற்றுத் தகடுகள் இரண்டிலும் உலோகம் பட்ட கணமே குறுக்குச்சுற்று நேரும். எனவே மாற்றியில் பெண் டீன்ஸ் காணப்படின், அது பழைய தமியாத் தொகுதியை டீன்ஸ் பூண்ட வண்டியோடு சேர்க்கச் செய்தது. ஆண் டீன்ஸ் காணப்படின், டீன்ஸ் பூண்ட தொகுதியைப் பழைய வண்டியோடு சேர்க்கச் செய்தது. லித்தியமே காரணமெனில் இரண்டாம் வகையே முதலில் தோன்றி மிகுந்திருத்தல் வேண்டுமன்றோ? முதல் வகை எதற்கு? பழைய கலம் பழையதாகவே இருக்க, வண்டி மட்டும் முன்னரே மாறிவிட்டது என்பதற்கு அதனினும் தெளிவான சாட்சி வேறில்லை.

இதற்கு ஒரு தடை கூறலாம்: லித்தியத்துக்காக வண்டியை மாற்றியவர், கைவசமிருந்த பழைய தொகுதிகளை வீணாக்க மனமின்றி முதல் வகையைச் செய்திருக்கலாமே என்பது. இத்தடை வலியுடையதே. இம்மாற்றிகளிற் பல வீட்டில் செய்யப்பட்டவை: சிலிக்கோன் உறையிட்ட 12 அல்லது 14 கேஜ் கம்பியின் முனைகளுக்கு ஈயம் பூசி, சுருங்கு குழாயை முன்னதாகவே கம்பியில் கோத்து, சூட்டில் தகடு சாயாதிருக்க எதிர்முனையைச் செருகிவைத்துப் பற்றவைத்து முடித்தவை. இவற்றில் ஆண்டோ செய்தவர் முத்திரையோ இராது. ஆகவே முதல் வகை தோன்றிய ஆண்டை வரையறுக்க நான் துணியேன். எனினும் அம்மாற்றியின் ஒரு முனையில் தமியா எஞ்சியிருப்பதால், அதன் மின்தடையும் அப்படியே எஞ்சுகிறது. மாற்றி பொருத்தத்தைத் தருமேயன்றி இழப்பைத் தீர்க்காது. இதனை அறிந்தும் அதனைச் செய்தார்களெனில், வண்டி வேறொரு தொகுதிக்காக ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தது என்றே கொள்ளவேண்டும். அந்த வேறு தொகுதி லித்தியமாகத்தான் இருந்திருக்கவேண்டும் என்ற நியதி இல்லை. டீன்ஸ் நேரடியாகப் பற்றவைத்த பந்தய நிக்கல் தொகுதியாகவும் அது இருந்திருக்கலாம்.

பிற்காலச் சான்று ஒன்றும் இதே திசையில் சாய்கிறது. சீனத்து அமாஸ் நிறுவனத்தின் மஞ்சள் இணைப்பான்கள் எக்ஸ்டி30, எக்ஸ்டி60, எக்ஸ்டி90 எனப் பெயர்பெற்றது ஆம்பியரைக் கருதியே. அந்த எண் தொடர்ச்சியான ஓட்டத்தைக் குறிப்பதா, கணநேர உச்சத்தைக் குறிப்பதா என்ற வாதம் இருப்பினும், கலத்தின் இனத்தை அது குறிக்கவில்லை என்பதில் ஐயமில்லை. லித்தியம் இம்மாற்றத்தை விரைவுபடுத்திற்று என்பதை மறுக்கவில்லை. தொடங்கிவைத்தது என்பதையே மறுக்கிறேன்.