லாட ஆணி, கருவேல முள், ஊக்கு

திருவண்ணாமலைச் சாலைகளைப் பற்றிச் சொல்ல என்னிடம் கல்வெட்டு ஆதாரம் எதுவும் கிடையாது. செங்கம் சாலைப் பக்கம் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். டயரைக் கழற்றி உள்ளே தேடும்போது என்ன கிடைத்தது என்பதுதான் எனக்குத் தெரிந்த சரித்திரம். எந்தக் காலத்தில் எது குத்தியது என்று வரிசையாக யோசித்தால், ஊர் மாறிய கதையும் கூடவே வந்துவிடுகிறது.

முதலில் லாட ஆணி. அப்பா அப்போது வாடகை சைக்கிள் கடை நடத்தினார். 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் கவுண்டமணி வைத்திருப்பாரே, அந்த மாதிரிக் கடை. எங்களிடம் பெட்ரோமாக்ஸ் மட்டும் இல்லை. கார்த்திகை தீபத்தை ஒட்டி இங்கே பெரிய மாட்டுச்சந்தை கூடும். தார்ச்சாலையில் நடக்கிற மாட்டுக்குக் குளம்பு தேயாமலிருக்க லாடம் அடித்திருப்பார்கள். லாடம் தேய்ந்து கழன்றால் ஆணி ரோட்டிலேயே கிடக்கும். சந்தை கலைந்த வாரம் அப்பாவுக்குத் தீபாவளி. பிறகு மாட்டுவண்டிகளே மரச்சக்கரத்தை விட்டு டயர் வண்டிகளாயின. ஆணி உதிர்த்த மாடே பஞ்சரான வண்டியோடு கடை வாசலில் வந்து நின்றதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

லாட ஆணியில் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. குத்தியதும் காற்று இறங்கிவிடும், ஆணியும் வெளியே தெரியும். தொழிலின் சூட்சுமத்தைச் சொல்லிக்கொடுத்தது சீமைக்கருவேல முள்தான். 1877 வாக்கில் சென்னை மாகாணத்தின் கடப்பைப் பக்கம் நட்ட மரம் அது. இன்றைக்கு எங்கள் ஏரிக்கரையெல்லாம் அதுதான். முள் டயருக்குள் ஏறியதும் வெளித்தலை ஒடிந்துவிடும். நுனி மட்டும் உள்ளே நின்று டியூபைத் தொட்டுக்கொண்டிருக்கும். ராத்திரி அடித்த காற்று காலையில் பாதியாகியிருக்கும். திரும்ப அடித்தால் சாயங்காலம் வரை வண்டி ஓடும். வண்டிக்காரரும் தினமும் காற்றடித்தே ஒரு மாதத்தை ஓட்டிவிடுவார். டியூபை ஒட்டிவிட்டு டயரைப் பார்க்காமல் மாட்டினால் மறுநாளே அதே இடத்தில் அதே ஓட்டை. அதனால் டயரின் உட்புறம் முழுக்கப் பழைய பருத்தித் துணியை இழுத்துப் பார்ப்போம். துணி எங்கே சிக்குகிறதோ அங்கே முள் இருக்கிறது. விரலை விட்டுப் பார்ப்பவர் தொழிலுக்குப் புதுசு.

மெதுவாக இறங்கும் காற்றைத் தேட அப்பா தண்ணீர்த் தொட்டிக்கு உடனே போகமாட்டார். முதலில் கேள்விதான். "எங்க போவுதுன்னு அப்பறம் பாப்போம். எப்ப போவுது, அதச் சொல்லுண்ணே." நிறுத்தி வைத்தாலும் ஓட்டினாலும் ஒரே சீராக இறங்கினால் முதல் சந்தேகம் வால்வின் மேல். சைக்கிளென்றால் வால்டியூப், மோட்டார்சைக்கிளென்றால் உள்ளே இருக்கும் பின். எச்சிலைத் தொட்டு வால்வு வாயில் வைத்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். வெயிலில் தூரம் ஓட்டினால் மட்டும் இறங்குகிறதென்றால், பழைய ஒட்டு சூடேறித் தூக்குகிறது. டியூபின் உள்வட்டத்தில், ரிம் பக்கம் ஓட்டை இருந்தால் சாலையைக் குறை சொல்லிப் பயனில்லை. ஸ்போக்ஸ் கம்பியின் நுனி ரிம் டேப்பைத் தாண்டி வந்திருக்கும். கழற்றும் முன்பே வால்வு இருக்கும் இடத்தில் டயரின்மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட வேண்டும். ஓட்டை வால்விலிருந்து எத்தனை சாண் தள்ளியிருக்கிறதோ, அதே அளவில் டயரில் தேடினால் குற்றவாளி கிடைப்பான். இதற்கும் அகப்படாத ஓட்டைக்குத்தான் தொட்டி. டியூபை அதன் அளவுக்கு மீறி ஊதி, தண்ணீருக்குள் கையால் இழுத்துப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

காற்றடைத்த டயருக்கு ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845லேயே காப்புரிமை வாங்கினார். அன்றைக்கு யாரும் சீந்தவில்லை. 1888இல் பெல்ஃபாஸ்ட்டில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காக அதை மறுபடி செய்தார். மாட்டு லாடத்தில் தொடங்கிய எங்கள் தொழிலுக்கு மூலபுருஷர் ஒரு கால்நடை மருத்துவர் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். ஆனால் நான் கும்பிடுவது பிரான்சின் மிஷ்லான் சகோதரர்களை. அந்தக் காலத்து டயரை ரிம்மோடு சேர்த்து ஒட்டியிருப்பார்கள். 1889இல் அவர்கள் பட்டறைக்கு வந்த ஒரு சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்ட மூன்று மணி நேரம், காய ஒரு ராத்திரி ஆனது. மறுநாள் ஓட்டியதும் திரும்பவும் காற்று போய்விட்டது. 1891இல் அவர்கள் கழற்றி மாட்டும் டயருக்குக் காப்புரிமை வாங்கினார்கள். லீவரை வைத்து நெம்பிக் கால் மணியில் நான் வேலையை முடிப்பது அந்தக் கோபத்தின் பலன்.

மோட்டார்சைக்கிள் எங்களிடம் வந்தது புல்லட்டாக. 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா கம்பெனி திருவொற்றியூரில் அதைச் செய்தது. அதே திருவொற்றியூரில் 1946இல் மாமன் மாப்பிள்ளை பலூன் செய்யத் தொடங்கிய கொட்டகைதான் பிறகு எம்ஆர்எஃப் ஆனது; 1961இல் டயர் போட்டார்கள். ரமணரைப் பற்றிச் சொன்ன பால் பிரண்டனின் புத்தகம் 1934இல் வந்ததிலிருந்தே ரமணாசிரமத்துக்கு வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள். பின்னாளில் அவர்களில் பலர் வந்தது புல்லட்டில். ஒட்டும் சாமானைப் பையிலேயே வைத்திருப்பார்கள். ஓட்டையைக் கண்டுபிடிக்க மட்டும் எங்களிடம் வருவார்கள்.

புல்லட் பாரத்துக்கு வெறும் சொலூஷன் ஒட்டு நிற்காது என்று அப்பா வல்கனைசிங் கற்றுக்கொண்டார். சொல்லிக்கொடுத்தவர், தமிழ்நாட்டில் லாரி பஞ்சர் கடை வைத்திருந்த எத்தனையோ பேரைப் போல, ஒரு மலையாளி. உப்புத்தாளில் தேய்த்த இடத்தில் வேகாத ரப்பர்த் துண்டை வைத்து, திருகு போட்ட இரும்புக் கவ்வியில் இறுக்கி, மேலே பழைய லாரி பிஸ்டனில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவார்கள். கந்தகம் சேர்ந்த ரப்பர் சூட்டில் இறுகும் என்று சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டதைத்தான் அப்பா சாலையோரத்தில் செய்தார். தீ அணைந்தபின் ஒட்டும் டியூபும் ஒரே ரப்பர்.

தொண்ணூறுகளில் பௌர்ணமிக் கூட்டம் பெருகியது. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் விடிய விடிய நடப்பார்கள். மறுநாள் எங்கள் டயர்களில் ஊக்கு, கொண்டை ஊசி, தற்காலிகக் கடைக்காரர்கள் விட்டுப்போன பந்தல் ஆணி. லாட ஆணியைப் பார்த்து வருஷக்கணக்காகிறது. இப்போது அதிகம் வருவது கட்டட வேலை ஸ்க்ரூ. லாட்ஜ் கட்டாத தெரு எது?

டியூப்லெஸ் வந்தபின் மெதுவாக இறங்குவதே பஞ்சரின் இயல்பாகிவிட்டது. ஆணி ஓட்டையை அதுவே அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், வாரக்கணக்கில் வண்டி ஓடும். சோப்புத் தண்ணீர் தடவிக் கண்டுபிடித்து, பிசின் பூசிய திரியைச் செருகினால் வேலை தீர்ந்தது. செருகுவதைப் பையனே செய்துவிடுகிறான். தேடுவது மட்டும் இன்னும் என் பொறுப்பு. அதற்குத் தனியாகக் கூலி கேட்டால் பஜாரில் கடை வைத்திருப்பவர்கூடச் சண்டைக்கு வருகிறார்: "பாத்ததுக்கெல்லாமா காசு?"