முசுக்கட்டை இலையும் சருக்கரை நோயும்

உண்டபின் ஒரு கோப்பை முசுக்கட்டை இலைத்தேநீர் அருந்தினால் சருக்கரை ஏறாது என்னும் பேச்சை மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு இல்லங்களில் இன்று நாம் கேட்கிறோம். அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று வினவுவோரும் உளர். இவ்வினாவுக்கு அந்த இலையின் வரலாறே விடை கூறுகிறது.

தமிழர் நீரிழிவு என்றழைத்த நோயை அரபு மருத்துவர்கள் கிரேக்கச் சொல்லைத் தழுவி 'தியாபீத்தஸ்' என்றனர். அறிஞர் இப்னு சீனா (980–1037) தம் 'அல்-கானூன்' நூலில் இந்நோயை விவரித்தார். பக்தாதின் அப்துல் லத்தீஃப் (1162–1231) இதற்கெனவே தனி நூல் எழுதினார். அவர் வாழ்ந்த காலத்திலேயே, 1211-இல், ஜப்பானியத் துறவி ஐசாய் தேநீரைப் பற்றி எழுதிய நூலின் பிற்பகுதியில், அடங்காத நீர்வேட்கை நோய்க்கு முசுக்கட்டையைப் பரிந்துரைத்தார்.

நம் யூனானி ஹகீம்களுக்கும் இம்மரம் அந்நியமன்று. 'தூத்' எனும் இதன் கனியில் காய்ச்சிய ஷர்பத் தொண்டை நோய்க்குப் பெயர்பெற்றது. எனினும் தென்னகத்தில் இதன் இலைக்குப் பெருமை தந்தது பட்டுப்புழுவே. மைசூர் நாட்டில் பட்டுத்தொழிலை வளர்த்தவர் திப்பு சுல்தான் என்பதை வரலாறு மறவாது. மற்றப் புழுக்களுக்கு நஞ்சாகும் ஒரு பொருள் இந்த இலையின் பாலில் உண்டு. பட்டுப்புழு மட்டும் அதைத் தாங்கும் ஆற்றல் பெற்றுள்ளது. படைத்தவனின் ஏற்பாடுதான் என்னே!

சருக்கரையைப் போன்றே உருவம் கொண்ட அப்பொருளை ஜப்பானிய அறிஞர்கள் 1976-இல் முசுக்கட்டையின் வேர்ப்பட்டையிலிருந்து பிரித்தெடுத்தனர். அதன் பெயர் டிஆக்ஸிநோஜிரிமைசின். நாம் உண்ணும் மாவுப்பொருளையும் சீனியையும் சிறுகுடலிலுள்ள நொதிகள் உடைத்து இரத்தத்தில் சேர்க்கின்றன. இப்பொருள் அந்நொதிகளைப் பற்றிக்கொண்டு அவற்றின் வேலையைத் தாமதப்படுத்துகிறது. ஆகவே சருக்கரை சட்டென ஏறாமல் மெல்ல ஏறுகிறது. இதனை ஒட்டி உருவாக்கப்பட்ட மிக்லிடால் மாத்திரைக்கு அமெரிக்கா 1996-இல் ஒப்புதல் அளித்தது.

இவ்விலையின் வேலை உணவோடு குடலில் நடப்பது என்பது இதனால் விளங்கும். உண்டு முடித்து நெடுநேரம் கழித்து அருந்துவதால் பெரும்பயனில்லை. முன்பே இரத்தத்தில் கலந்த சருக்கரையை இது இறக்காது. இன்சுலின் செய்யும் பணியையும் செய்யாது. கோப்பைக்குக் கோப்பை இதன் வீரியமும் மாறுபடும்.

சென்னையின் நிலையோ கவலைக்குரியது. 1948-இலேயே ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் மு. விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு கண்டார். ஆயினும் 1989-இல் நகரின் பெரியவர்களிடையே நூற்றுக்கு 8.3 ஆக இருந்த இந்நோய், 1995-இல் 11.6 ஆகவும், 2000-இல் 13.5 ஆகவும், 2004-இல் 14.3 ஆகவும் உயர்ந்தது. கோபாலபுரத்திலிருந்து இயங்கும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை 2001-இல் தொடங்கிய பேராய்வு மற்றோர் உண்மையையும் காட்டிற்று: நகரத்தார் பெறும் உணவுச் சக்தியில் ஏறத்தாழப் பாதி, தீட்டிய அரிசி போன்ற தானியங்களிலிருந்தே வருகிறது. நம் வீட்டு நெய்ச்சோறும் பிரியாணியும் இக்கணக்கில் அடங்கும்.

ஆகவே சோற்றைக் குறைக்காமல் இலையை மட்டும் நம்புவது, ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதாகும். தேநீரை விரும்புவோர் மருத்துவரிடம் கூறிவிட்டு அருந்தட்டும். இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்வோருக்குச் சருக்கரை அளவுக்குமீறித் தாழ்ந்துவிடக்கூடும். நோன்புக் காலத்தில் இக்கவனம் மிகத் தேவை. மிக்லிடால் வகை மாத்திரை உண்போருக்கு அவ்வாறு தாழ்ந்தால், சீனி விரைந்து உதவாது. குளுகோஸே கொடுக்க வேண்டும். இதை வீட்டார் அனைவரும் அறிந்திருப்பது நன்று.

நோயைத் தந்தவன் மருந்தையும் தந்துள்ளான். அம்மருந்தின் அளவையும் எல்லையையும் அறிவது நம் கடமை. வல்ல அல்லாஹ் நம் இல்லங்களுக்கு நலமும் நல்லறிவும் அருள்வானாக!