நூலகம் இருந்த ஓட்டல்

சென்ற முறை லண்டன் போயிருந்தபோது, கிங்ஸ் கிராஸ் பகுதியில் உள்ள 'தி ஸ்டாண்டர்ட்' ஓட்டலில் இரண்டு இரவு தங்கினோம். மகன் ஏற்பாடு செய்தது. வெளிச்சுவரை ஒட்டி ஏறி இறங்கும் சிவப்பு லிஃப்ட், எங்கு பார்த்தாலும் இளைஞர் கூட்டம். இந்த வயதில் நமக்கு ஏற்ற இடமா என்று தயங்கினேன். தரைத்தளக் கூடத்தில் அலமாரி நிறையப் புத்தகங்கள். அலங்காரத்துக்கு வைத்தவை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அங்கே ஒரு காலத்தில் பொது நூலகமே இருந்திருக்கிறது!

1970-களில் கட்டப்பட்ட அந்தக் கட்டடம் கேம்டன் நகர மன்றத்தின் கூடுதல் அலுவலகம். மன்றம் அதை விற்றுவிட்டு, 2014-ல் ரயில் நிலையத்துக்குப் பின்னால் புதுக் கட்டடத்துக்குப் போனது. பழைய கட்டடம் 2019-ல் ஓட்டலாகத் திறக்கப்பட்டது.

எதிரே செங்கல் அரண்மனை போல நிற்பது செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையம். 1868-ல் திறக்கப்பட்டது. அதற்கும் அதன் ரயில் பாதைக்கும் இடம் வேண்டி, 'ஆகர் டவுன்' என்ற ஏழைக் குடியிருப்பை இடித்துத் தள்ளினார்கள். வாடகைக்கு இருந்தவர்களுக்கு இழப்பீடு ஏதும் கிடைக்கவில்லை. நிலையத்தின் முகப்பிலேயே 1873-ல் மிட்லண்ட் கிராண்ட் ஓட்டல் வந்தது. அன்றைய நவநாகரிக ஓட்டல் அதுதான். அறைகளோடு சேர்ந்த குளியலறை இல்லாததால் காலத்துக்கு ஒவ்வாமல் போய், 1935-ல் மூடப்பட்டது. 1960-களில் இடிக்கப்படும் நிலை வந்தபோது கவிஞர் ஜான் பெட்ஜெமன் உள்ளிட்டோர் குரல் கொடுத்தனர். 1967-ல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டது. 2011-ல் மீண்டும் ஓட்டலானது.

பக்கத்தில் உள்ள சோமர்ஸ் டவுனின் கதை வேறு. அங்கே பேசில் ஜெலிகோ என்ற பாதிரியார் 1924-ல் ஒரு வீட்டுவசதிச் சங்கம் தொடங்கினார். சேரிகளை அகற்றிய இடத்திலேயே ஏழைகளுக்கு அடுக்குமாடி வீடுகள் கட்டினார்கள்.

நிலையங்களுக்குப் பின்னால் இருந்த 67 ஏக்கர் ரயில்வே நிலத்தைப் புதுப்பிக்க 2006-ல் அனுமதி கிடைத்தது. கட்டுப்படியாகும் விலையில் இன்னும் அதிக வீடுகள் வேண்டும் என்று உள்ளூர் அமைப்புகள் நீதிமன்றம் வரை போய்த் தோற்றன. ஒப்புக்கொண்ட வீடுகளின் பங்கும் 2015-ல் குறைக்கப்பட்டது. இன்று அங்கே கலைக் கல்லூரி, கடைவீதி, பெரிய நிறுவனங்களின் அலுவலகங்கள். பழைய நிலக்கரிக் கிடங்குகள் 2018-ல் கடைகளாயின. இடம் அழகாகத்தான் இருக்கிறது, மறுக்க முடியாது.

கிளம்பும் நாள் காலையில் அந்த நூலகம் எங்கே போனது என்று தேடி நடந்தேன். மன்றத்தின் புதுக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது, நீச்சல் குளத்தோடு. உள்ளே போய் உட்காரக் காசு கேட்கவில்லை. மனம் லேசானது.

நம் பகுதியிலும் பழைய வீடுகள் போய் அடுக்குமாடிகள் வருகின்றன. மாற்றம் வரட்டும். ஆனால் பொதுவில் இருப்பது ஒன்று போகிறதென்றால், அதற்கு ஈடாக எது, எங்கே வரும் என்பதை முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். வாங்கிய பிறகும் கண்காணிக்க வேண்டும். ஆகர் டவுன்காரர்களுக்குக் கேட்க ஒரு சங்கம் இல்லை. நமக்கு இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு அவசியம் வாருங்கள்.