குறைந்த திறன் சார்ஜரை வைத்தே சோலார் பேட்டரிகளைச் சமன் செய்வது எப்படி?

கரண்ட் கம்பி எட்டாத தோட்டத்துச் சாளைகளிலும் மலைக்கிராம வீடுகளிலும் இன்று சோலார் பேனலும் இரண்டு அல்லது நான்கு டியூபுலர் பேட்டரிகளும்தான் வெளிச்சம் தருகின்றன. காட்டுப்பன்றியைத் தடுக்கும் மின்வேலி, ஆட்டுப்பட்டி விளக்கு, செல்போன் சார்ஜ் எல்லாம் அதை நம்பித்தான் ஓடுகின்றன. சோலார் பம்ப்செட்டுகள் பெரும்பாலும் பேட்டரி இல்லாமல் வெயிலில் நேரடியாக ஓடுபவை. இந்தக் கட்டுரை, பேட்டரி வைத்து இரவில் மின்சாரம் எடுப்பவர்களுக்கானது.

"வாங்கி இரண்டு வருஷம்தான் ஆகிறது. ராத்திரி பத்து மணிக்கே இன்வெர்ட்டர் கத்துகிறது" என்று பல விவசாயிகள் சொல்கிறார்கள். கடையில் கேட்டால் செட்டாக மாற்றச் சொல்வார்கள். அதற்குப் பல ஆயிரம் ரூபாய் செலவாகும். பல நேரங்களில் பேட்டரி செத்திருக்காது. அதன் செல்கள் ஏற்றத்தாழ்வாகியிருக்கும். அதைச் சரிசெய்வதுதான் ஈக்வலைஸ் சார்ஜ் எனப்படும் சமன் சார்ஜ்.

ஏற்றத்தாழ்வு ஏன் வருகிறது?

12 வோல்ட் பேட்டரி ஒன்றுக்குள் 6 செல்கள் உண்டு. 24 வோல்ட் அமைப்பு என்றால் இரண்டு பேட்டரிகள், 12 செல்கள். எல்லாச் செல்லும் ஒரே மாதிரி சார்ஜ் ஏற்றுக்கொள்வதில்லை.

மேடு பள்ளமான வயலை நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்துப் பாத்தி முதலில் நிறைந்துவிடும், மேட்டுப் பாத்தி காய்ந்து கிடக்கும். அப்போதே மோட்டாரை நிறுத்திவிட்டால் மேட்டுப் பயிர் நாளாக ஆக வாடும். பேட்டரியிலும் இதே கதைதான். மொத்த வோல்ட் எட்டியதும் சார்ஜர் கரண்டைக் குறைத்துவிடுகிறது. பின்தங்கிய செல்கள் அரைகுறையாகவே நிற்கின்றன. அவற்றின் பிளேட்டுகளில் சல்பேட் படிந்து நாளடைவில் கெட்டியாகிறது. அடர்த்தியான ஆசிட் அடியில் தங்குவதால் பிளேட்டின் கீழ்ப்பகுதி மேலும் கெடுகிறது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாரக்கணக்கில் பேட்டரி முழுதாக நிறையாமல் ஓடும்போது இது அதிகமாகும். எனவே மழை ஓய்ந்து வானம் தெளிந்ததும் பேட்டரியைச் சோதிப்பது நல்லது.

யார் செய்யக்கூடாது?

தண்ணீர் ஊற்றும் மூடி உள்ள ஈய-அமில பேட்டரிக்கு மட்டுமே இந்த முறை. மூடி திறக்க முடியாத சீல்டு பேட்டரி, ஜெல் பேட்டரி, லித்தியம் பேட்டரி ஆகியவற்றுக்குச் செய்யவே கூடாது. பேட்டரியோடு வந்த கையேட்டில் சமன் சார்ஜுக்கு வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

முதலில் அளந்து பாருங்கள்

வோல்ட்மீட்டர் மட்டும் போதாது. 24 வோல்ட் செட்டில் மொத்தம் 28.8 வோல்ட் காட்டும்போது ஒரு பேட்டரியில் 15.0, மற்றதில் 13.8 என்று இருக்கலாம். மொத்த அளவு சரியாக இருப்பதால் குறை வெளியே தெரியாது.

இதற்கு ஹைட்ரோமீட்டர் தேவை. பேட்டரி முழு சார்ஜ் ஆன பின் ஒவ்வொரு செல்லிலும் ஆசிட்டை உறிஞ்சி அடர்த்தியைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் ஊர் டியூபுலர் பேட்டரிகளில் முழு சார்ஜில் 27 டிகிரி வெப்பத்தில் 1.240 சுமார் இருக்கும். ஆசிட் சூடாக இருந்தால் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.0007 கூட்டிக்கொள்ள வேண்டும். 37 டிகிரியில் 1.230 காட்டினால் உண்மை அளவு 1.237.

புதிதாகத் தண்ணீர் ஊற்றிய உடனே அளக்காதீர்கள். தண்ணீர் மேலேயே நிற்கும், அளவு தவறாக வரும்.

ஓர் எடுத்துக்காட்டு: முதல் பேட்டரியின் ஆறு செல்களும் 1.235 முதல் 1.240 வரை. இரண்டாவது பேட்டரியில் 1.215, 1.205, 1.210, 1.200, 1.215, 1.210. அதிக அளவுக்கும் குறைந்த அளவுக்கும் இடைவெளி 0.040. இடைவெளி 0.030-க்கு மேல் போனால் சமன் சார்ஜ் தேவை. எல்லாம் 1.235-க்கு மேல் ஒன்றுபோல இருந்தால் செய்ய வேண்டாம். தேவையில்லாமல் செய்தால் தண்ணீர் வற்றும், பிளேட்டும் தேயும்.

சார்ஜரின் குறை எது?

சமன் சார்ஜுக்கு 12 வோல்ட் பேட்டரி ஒன்றுக்கு 15 முதல் 16 வோல்ட் வேண்டும். கரண்ட், ஆம்பியர்-மணி அளவில் 100-க்கு 2 முதல் 5 பங்கு போதும். 150 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 3 முதல் 7.5 ஆம்பியர். கோடையில் வோல்ட்டைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். 25 டிகிரியில் 15.8 என்றால் 35 டிகிரியில் 15.5 போதும்.

நம் இன்வெர்ட்டர்கள் இந்த இடத்தில் மூன்று விதமாகக் குறைபடும்.

1. வோல்ட் ஏறாது. பேட்டரிக்கு 14.4-லேயே நின்றுவிடும்.
2. கரண்ட் போதாது. நான்கு பேட்டரிகளை இணையாக, அதாவது பேரலலாகப் போட்டு 600 ஆம்பியர்-மணி ஆக்கியிருப்பார்கள். சார்ஜர் 10 ஆம்பியர்தான் தரும்.
3. நேரம் போதாது. பேட்டரி நிறையவே பிற்பகல் ஆகிவிடும். அதன்பின் வெயில் இரண்டு மணி நேரம்தான்.

தண்ணீர் குறைந்த கிணறு என்றால் என்ன செய்வோம்? மற்ற பாத்திகளின் மடையை அடைத்துவிட்டு ஒவ்வொரு பாத்தியாகப் பாய்ச்சுவோம். இங்கும் அதேதான் வழி. செட் முழுவதையும் ஒரே நேரத்தில் சமன் செய்ய முயலாமல் ஒவ்வொரு பேட்டரியாகப் பிரித்துச் செய்யுங்கள். பின்தங்கிய பேட்டரிக்கு மட்டும் செய்தாலே பல நேரம் போதும்.

மின்சாரத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. ஜெனரேட்டரோ கரண்ட் உள்ள இடமோ கிடைத்தால், 16 வோல்ட் வரை ஏறக்கூடிய, கரண்டைக் குறைத்து வைக்கும் வசதியுள்ள 12 வோல்ட் சார்ஜரைப் பயன்படுத்தலாம். அது இல்லையென்றால் 36 செல் கொண்ட 100 வாட் பேனல் ஒன்றை நேரடியாக ஒரு 12 வோல்ட் பேட்டரிக்குக் கொடுக்கலாம். அது நல்ல வெயிலில் 5 ஆம்பியர் சுமார் தரும். 150 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது சரியான அளவு. ஆனால் நடுவில் கன்ட்ரோலர் இல்லாததால் தானாக நிற்காது. ஆள் கூடவே இருக்க வேண்டும். வயரில் 10 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். வெயில் இறங்குவதற்குள் கழற்றிவிடுங்கள்.

செய்யும் முறை

1. இரண்டு நாட்கள் லோடைக் குறைத்து, இருக்கும் சார்ஜரிலேயே பேட்டரிகளை முழுதாக நிரப்புங்கள். காலியான பேட்டரிக்குச் சமன் சார்ஜ் கிடையாது.

2. எல்லாச் செல்லிலும் பிளேட் மூழ்கியிருக்கிறதா என்று பாருங்கள். மூழ்காவிட்டால் மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் விடுங்கள். இப்போதே முழுதாக ஊற்றினால் கொதிக்கும்போது ஆசிட் வழியும்.

3. முதலில் லோடை நிறுத்துங்கள். அடுத்து பேனல் வயரைக் கழற்றுங்கள். அதன்பிறகுதான் பேட்டரி வயர், அதிலும் நெகட்டிவ் முதலில். பேனல் ஓடும்போது பேட்டரியைக் கழற்றினால் கன்ட்ரோலர் கருகக்கூடும்.

4. பின்தங்கிய பேட்டரியைத் தனியாகக் காற்றோட்டமான நிழலில் வையுங்கள். சார்ஜரை நிறுத்திய நிலையில், பேனல் என்றால் அதைச் சாக்குப் போட்டு மூடிய நிலையில், பிளஸ்சுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் இணைத்த பிறகு ஓடவிடுங்கள்.

5. மணிக்கு ஒருமுறை வோல்ட், வெப்பம், ஆறு செல்களின் அடர்த்தி ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள். அளக்கும் முன் சார்ஜை நிறுத்திக்கொள்ளுங்கள். செல்கள் மெதுவாகக் குமிழிடுவது சரியான அறிகுறி.

6. 16 வோல்ட்டைத் தாண்டினாலோ ஆசிட் வெப்பம் 45 டிகிரியைத் தொட்டாலோ உடனே நிறுத்தி ஆறவிடுங்கள். பிறகு தொடரலாம்.

7. அடுத்தடுத்து மூன்று மணி நேர அளவுகளில் அடர்த்தி ஏறாமல் நின்றால் வேலை முடிந்தது. ஒரே நாளில் முடியாவிட்டால் மறுநாள் தொடருங்கள்.

8. நிறுத்தி 15 நிமிடம் கழித்து வயரைக் கழற்றுங்கள். பிறகு குறியளவு வரை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். ஆசிட் ஊற்றக்கூடாது.

9. ஓர் இரவு ஓய்வு கொடுத்து மீண்டும் செட்டில் சேருங்கள். பேட்டரி வயர் முதலில், பேனல் வயர் கடைசியில்.

வேறு சார்ஜரோ தனிப் பேனலோ கிடைக்கவில்லையா? வெயில் நன்றாக உள்ள நான்கைந்து நாட்கள் லோடே எடுக்காமல் 14.4-லேயே நீண்ட நேரம் விடுங்கள். லேசான ஏற்றத்தாழ்வு ஓரளவு குறையும். சமன் சார்ஜுக்கு இது ஈடாகாது.

உயிருக்கு ஆபத்து: கவனம்

சமன் சார்ஜில் ஹைட்ரஜன் வாயு வரும். காற்றில் அது 100-க்கு 4 பங்கு சேர்ந்தாலே ஒரு தீப்பொறியில் வெடிக்கும். எனவே மூடிய அறையில், கட்டிலுக்கு அடியில், வைக்கோல் போர் அருகில் செய்யாதீர்கள். பீடி, விளக்கு, அடுப்பு பக்கத்தில் இருக்கக்கூடாது. கண்ணாடி, ரப்பர் கையுறை அவசியம். மோதிரம், காப்பைக் கழற்றிவிடுங்கள். ஆசிட் தெறித்தால் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தரையில் சிந்தியதற்குச் சமையல் சோடா தூவலாம். குழந்தைகளையும் ஆடு மாடுகளையும் அண்டவிடாதீர்கள்.

எப்போது பேட்டரியைக் கைவிடுவது?

மேலே சொன்ன எடுத்துக்காட்டில் செல்கள் எல்லாம் 1.230-ஐத் தாண்டிவிட்டால் பேட்டரி பிழைத்துக்கொண்டது. ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைவாகவே நின்றால் அந்தச் செல் போய்விட்டது. இன்னும் சார்ஜ் ஏற்றிப் பயனில்லை. அந்தப் பேட்டரியைச் செட்டில் வைத்திருந்தால் நல்ல பேட்டரியையும் கெடுக்கும். "டானிக்" என்று விற்கும் பொடிகளை நம்பிச் செலவழிக்காதீர்கள்.

பழைய பேட்டரியை 2022-ம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி முறையாகத் திரும்ப ஒப்படைக்க வேண்டும். வாங்கிய கடையிலேயே கொடுத்துக் கழிவு விலை கேளுங்கள். ஆசிட்டை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டாதீர்கள். ஈயம் மண்ணில் பல காலம் தங்கும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாச் செல்களின் அடர்த்தியையும் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். மண் பரிசோதனை செய்யாமல் உரம் போடுவது எப்படியோ, அளக்காமல் சமன் சார்ஜ் செய்வதும் அப்படித்தான். ஹைட்ரோமீட்டர் விலை சில நூறு ரூபாய்தான். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினாலும் போதும்.