விழுந்த பல்லுக்கு டைட்டானியம் திருகு! பணம் கட்டும் முன் இதைப் படிங்க

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். விழுந்த பல்லுக்குப் பதில் தாடை எலும்பில் டைட்டானியம் திருகு வைத்து, அதன்மேல் செயற்கைப் பல் பொருத்துவதுதான் 'இம்பிளான்ட்'. 1965-ல் சுவீடன் டாக்டர் பிரானமார்க் ஒருவருக்கு இப்படி பொருத்திய பல், 40 ஆண்டு உழைத்தது.

திருகை எலும்பு கெட்டியாகப் பிடிக்க பொதுவாக 3 முதல் 6 மாதம் ஆகும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் பிடிக்காமல் போகும் ஆபத்து அதிகம். டாக்டரிடம் மறைக்காதீங்க.

எலும்பு போதுமா என்று எக்ஸ்ரேயில் பார்க்காமல் பணம் கட்டாதீங்க. திருகு, மேல் பல் ரெண்டுக்கும் சேர்த்தா ரேட்டுன்னு முதலிலேயே கேளுங்க. கையில் காசு இல்லையா? செலவு குறைந்த, கழற்றி மாட்டும் பல்செட்டும் இருக்கு.

செயற்கைப் பல்லுக்கு சொத்தை வராது. ஆனால் சரியாக பல் தேய்க்காமல் ஈறு கெட்டால், திருகே ஆடி விழுந்துவிடும். உஷார்!