கதைக்கு எத்தனை கிளை? ‘கமைதாச்சி நோ யோரு’வும் ‘வெண்பா’வும்

பழவேற்காட்டு ஏரியில் இறால் ஓடும் நீர்த்தடங்களைப் ‘பாடு’ என்று பிரித்து, சீட்டுக் குலுக்கி, முறைவைத்து வலை கட்டுகிற வழக்கம் அங்குள்ள குப்பங்களில் தலைமுறைகளாக இருந்து வருகிறது. முறை வராத வீட்டுக்காரர் அந்த இடத்தில் வலை இறக்க முடியாது. இறால் எவ்வளவு ஓடினாலும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். “அடுத்து என்ன செய்யப்போகிறாய்?” என்று ஆடுபவரைக் கேட்டுக்கொண்டே போகிற விஷுவல் நாவல், தனியாள் முடிவுக்கு இவ்வளவு குறைவாக இடம் விடும் ஊரை எப்படிச் சொல்லும்? எழுத உட்காரும் ஒருவர் இரண்டு ஆட்டங்களை அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது.

முதலாவது, ஜப்பானின் சுன்சாஃப்ட் நிறுவனம் 1994-இல் சூப்பர் ஃபாமிகாம் விளையாட்டுக் கருவிக்கு வெளியிட்ட ‘கமைதாச்சி நோ யோரு’. எழுதியவர் துப்பறியும் நாவலாசிரியர் அபிகோ தாகெமாரு. பனியில் மாட்டிக்கொண்ட ஒரு மலை விடுதி, ஒரு கொலை, வெளியே போக வழியில்லாத விருந்தினர்கள். இரண்டாவது, டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. தாய் வெண்பா, தகப்பன் பாவலன், மகன் கவின். கறாராகப் பார்த்தால் இது சமையல் புதிர்களோடு சேர்ந்த கதை விளையாட்டு. ஆனால் உரையாடலைப் படித்து, நடுநடுவே பதிலைத் தேர்ந்து நகர்வதால் விஷுவல் நாவலுக்கு நெருங்கிய உறவு. 2024-இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதும் பெற்றது.

இரண்டிலும் எழுத்து சுமக்கும் பாரம் வேறு. அபிகோவின் ஆட்டத்தில் மாந்தர்களுக்கு முகம் கிடையாது. புகைப்படப் பின்னணியின் மேல் நீல நிழலுருவங்களாக நிற்கிறார்கள். திரை முழுக்க எழுத்து ஓடுகிறது. யார் வெளிறிப்போனார், யார் குரல் நடுங்கிற்று என்பதையெல்லாம் வாக்கியம்தான் சொல்லியாக வேண்டும். அதனால் அவர் நாவலாசிரியராகவே எழுத முடிந்தது. வெண்பாவில் முகமும் நிறமும் சமையலறையும் வரையப்பட்டிருக்கின்றன. உரையாடல் ஒன்றிரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. வெண்பாவின் தாயுடைய பழைய சமையல் குறிப்பேட்டில் எழுத்து அழிந்து, தாள் கிழிந்திருக்கிறது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாவற்றுக்கும் போகும் என்று ஆடுபவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஊரை விட்டு வந்தவளுக்குக் கைப்பக்குவம் பாதி நினைவில் இருக்கிறது, பாதி தொலைந்துவிட்டது. ஒரு பத்தி வர்ணனை செய்ய வேண்டிய வேலையை அந்தத் தட்டுகளே செய்துவிடுகின்றன.

அடுத்த வேறுபாடு கிளை. இந்த வகையை எழுதுபவர் முதலில் கட்டமும் அம்புமாக ஒரு வரைபடம் போட்டுக்கொள்வார். பத்து இடத்தில் இரண்டிரண்டு தெரிவு வைத்து, எந்த வழியையும் எங்கும் ஒன்றுசேர்க்காமல் விட்டால் 1,024 முடிவுகளை எழுத வேண்டிவரும். எந்த எழுத்தாளராலும் ஆகாத காரியம். ஆகவே பிரிந்த வழிகள் சற்றுத் தள்ளி மறுபடி சேரும். ஆடுபவர் முன்பு செய்ததை நிரல் ஒரு குறிப்பாக நினைவில் வைத்திருந்து, பொதுக் காட்சியில் ஒரு வரியை மட்டும் மாற்றும். 2004 முதல் கிடைக்கிற இலவச மென்பொருளான ரென்பையில் இதற்கான கட்டளைகள் எளிமையானவை: காட்சிக்குப் பெயர் வைக்க லேபிள், தெரிவு கேட்க மெனு, தாவ ஜம்ப். இவற்றை ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டுவிடலாம். எங்கே பிரிப்பது, எங்கே சேர்ப்பது என்று தீர்மானிப்பதில்தான் எழுத்தாளரின் காலம் போகிறது.

அபிகோ தாராளமாகப் பிரிக்கிறார். ஒரு கட்டத்தில் கொலையாளியின் பெயரை ஆடுபவரே எழுதிக்கொடுக்க வேண்டும். பெயர் தவறினால் மேலும் சிலர் சாவார்கள். அந்தச் சாவைப் பார்த்தவர் திரும்பத் தொடங்கும்போது, கதாநாயகனுக்குத் தெரியாத செய்தி அவருக்குத் தெரிந்திருக்கும். முதல் தடவை சாதாரணமாகத் தோன்றிய வசனம் இரண்டாம் தடவை சந்தேகத்தைக் கிளப்பும். புதிதாக வருபவருக்கும் திரும்பி வருபவருக்கும் ஒரே வரி வேலை செய்தாக வேண்டும். இந்த எழுத்தின் கடினம் அங்கே இருக்கிறது.

‘வெண்பா’ கிட்டத்தட்டப் பிரிவதே இல்லை. என்ன பதில் சொன்னாலும் குடும்பம் போகிற திசை மாறாது. மகன் வளர்வான், வீட்டை விட்டு விலகுவான். ஆடுபவர் மாற்றக்கூடியது அந்த நேரத்துப் பேச்சின் தொனியை மட்டுமே. விளையாட்டுக்கு இது குறை என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊர் பேர் தெரியாத நாட்டில் வேலை தேடும் தம்பதிக்கு முன்னால் பத்து வழிகள் திறந்திருப்பதாகக் காட்டியிருந்தால்தான் அது பொய்யாகியிருக்கும். பூட்டிய விடுதியில் ஒருவருடைய சொல் பல உயிர்களைத் தீர்மானிக்கிறது, அதனால் அங்கே கிளைகள் பெருகுகின்றன. எத்தனை கிளை என்பதை இரண்டிலும் மாந்தரின் நிலைமைதான் முடிவு செய்திருக்கிறது. எழுதுபவரின் கெட்டிக்காரத்தனத்துக்கு இரண்டாம் இடம்தான்.

இனி பழவேற்காட்டுக்கு வருவோம். கடலையும் ஏரியையும் இணைக்கும் முகத்துவாரம் மணல் சேர்ந்து அடைபடுவது அங்கே நெடுங்காலத் தொல்லை. உப்பும் நன்னீரும் கலக்கும் அளவு குலைந்தால் இறால் வரத்து குறையும், படகுகளும் கடலுக்குப் போக முடியாது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடல் பக்கம் போகத் தடை. இவற்றை அபிகோவின் முறையில் எழுதினால், சரியான பதிலைத் தேர்ந்திருந்தால் ஒரு குடும்பமே முகத்துவாரத்தைத் திறந்து வைத்திருக்கலாம் என்ற எண்ணம் ஆடுபவருக்கு வந்துவிடும். மணல் யாருடைய பதிலையும் கேட்டு வருவதில்லை. ஆகவே முதுகெலும்பு ‘வெண்பா’வினுடையதாக இருக்கட்டும். சீட்டைக்கூட ஆடுபவர் தேர்வுக்கு விடாமல் கணினியே எடுக்கட்டும். மோசமான பாடு விழுந்ததை வீட்டில் இன்றே சொல்வதா, கடன் கேட்டுவிட்டு நாளைக்குச் சொல்வதா என்பதில் தெரிவு இருக்கட்டும். சொல்லாமல் விட்டதை நிரல் நினைவில் வைத்திருந்து, பிறகு ஒருநாள் மனைவி வாயிலிருந்து, “அன்னிக்கே சொல்லியிருந்தா நகையை மீட்டிருக்கலாமே” என்று வரவைக்கட்டும்.

ஓர் இரவுக்கு மட்டும் அபிகோவின் முறை தேவைப்படும். முறை தவறி யாரோ வலை கட்டிவிட்டார் என்று ஊர்ப் பஞ்சாயத்து கூடுகிறது. இங்கே ஆடுபவர் ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும். தவறாகச் சொன்னால் ஒரு வீடு ஊருக்கு ஆகாமல் போகும், அந்த வீட்டுப் பையன் மறுவாரம் துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலிக்குப் போவான். திரும்ப ஆடும்போது அவன் தகப்பன் முன்பே சொன்ன ஒரு வரிக்கு வேறு அர்த்தம் கிடைக்கும். இயற்கையும் சீட்டும் முடிவு செய்கிற இடங்களில் ஒற்றை வழி, மனிதர் மனிதருக்குத் தீர்ப்புச் சொல்கிற இடத்தில் பல வழி என்று பிரித்துக்கொண்டால், இரண்டு முறைகளும் ஒரே கதைக்குள் ஒன்றையொன்று கெடுக்காமல் நிற்கும். கதைக்குத் தெரிவுகள் எங்கே வேண்டும் என்று தேடுபவர், அந்த ஊரில் யார் கையில் எது இருக்கிறது என்று முதலில் விசாரித்துவிட்டு வரைபடம் போட்டால் போதும்.